ஊர் கேட்ட குரல்

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்து நான் கேத்தலை அடுப்பில் வைக்கிற நேரத்துக்கு, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் மாப்பிள்ளையின், என்னைக் கட்டிய மனுசனின், குரல் கேட்கும். "அஸ்ஸலாமு அலைக்கும், அன்பான உறவுகளே" என்றுதான் தொடங்கும். ஆனால் அவர் அங்கே இருக்கமாட்டார். அவர் இருப்பது அம்பாறைக்கும் அப்பால், மலையடியில், அரசாங்கக் காட்டின் வாசலில், காவல் வேலையில். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது ஒரு டீச்சரும் அவருடைய போனும்தான். காட்டில் இன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது, ஆற்றில் இறங்கலாமா, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று என் மாப்பிள்ளை காலையில் ஒரு குரல் செய்தி அனுப்புவார். அது வட்ஸ்அப்பில் கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை என்று ஊர் ஊராகப் போகும். டீச்சர் அதைக் குசினி யன்னலில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, ரொட்டி தட்டிக்கொண்டே கேட்பார். எனக்கு வயிறு எரியும்.

பூசி மெழுக ஒன்றுமில்லை, பொறாமைதான். தன் மாப்பிள்ளையின் குரலை அடுத்த வீட்டு யன்னலால் கேட்டுவிட்டு ஒருத்தி சிரித்துக்கொண்டு ரொட்டிக்கு மா குழைப்பாள் என்றால் அவளுக்கு நான் சலாம் வைக்கிறேன். என்னால் ஏலாது. நான் நேரே போய்த் தையல் மெஷினில் குந்திவிடுவேன். பெண்கள் உடுத்தும் அபாயா தைப்பதுதான் என் தொழில். அந்த நேரத்தில் தைக்கத் துணி இருக்கவேண்டும் என்றில்லை, வெட்டிப் போட்ட துண்டை வைத்தாவது மிதிப்பேன். மெஷின் சத்தத்தில் "அன்பான உறவுகளே"க்குப் பிறகு ஒரு சொல்லும் என் காதில் விழாது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். என் வாப்பா எனக்குக் கட்டித்தந்த வீட்டுக்கு அவர் சம்மாந்துறையிலிருந்து வந்தார். தங்கமான மனுசன், அதில் பொய் சொல்லமாட்டேன். கை நீட்டியதில்லை, கோபித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போனதில்லை. கதைதான் இல்லை. கறி எப்படி என்றால் "ம்". மகளுக்குக் காய்ச்சல் என்றால் "மருந்தெடு". வெளியே போகவா என்றால் "ஓம்". கல்யாணம் முடித்த புதிதில் நான் அழுதிருக்கிறேன். மாமிதான் என் தலையைத் தடவிவிட்டு, "அவன் சின்னதிலயும் இப்பிடித்தான் மகள். பசிச்சாலும் செல்லமாட்டான், நாமதான் மொகத்தப் பாத்துச் சோறு போடணும்" என்றார். சரி, அல்லாஹ் இவருக்குச் சொல்லைக் குறைத்துத்தான் படைத்திருக்கிறான் என்று நானும் அடங்கினேன். இல்லாத பொருளுக்கு யாரோடு சண்டை பிடிப்பது. மகள் இருக்கும்வரை அவளோடு கதைத்துப் பொழுது போயிற்று. அவளும் படிக்கப் போய் விடுதியில் தங்கிய பிறகு, வீட்டில் நானும் மெஷினும்தான்.

இந்தக் குரல் செய்தி வராமல் இருந்திருந்தால் நான் அப்படியே அடங்கிக் கிடந்திருப்பேன்.

அது தொடங்கியதற்கும் காரணம் எங்கள் ஊர் ஆட்கள்தான். பெருநாளோ பாடசாலை விடுமுறையோ வந்தால் போதும், வேன் பிடித்துக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். போகிறவர்கள் சும்மாவா போவார்கள். புரியாணிச் சட்டி, கேஸ் அடுப்பு, பாட்டுப் பெட்டி, குளிக்கச் சவர்க்காரம், சோற்றுப் பார்சல் சுற்றிய பொலித்தீன் லஞ்ச் சீட் எல்லாம் போகும். மலையில் மழை பெய்தால் கீழே வெயில் எறிக்கும்போதே ஆறு பெருகிவரும், அதனால் பாதையை மூடுவார்கள். கோடையில் காடு காய்ந்து கிடந்தால் நெருப்புக்குப் பயந்து மூடுவார்கள். யானை இறங்கினாலும் மூடுவார்கள். அதற்கு வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையை யார் வாசிக்கிறது? அவ்வளவு தூரம் குலுங்கிக் குலுங்கி வந்து, மூடிய கேற்றைப் பார்த்ததும் கத்துவார்கள். "தூரத்தில இரிந்து வாறம் சேர், புள்ளயள் அழுது, ஒருக்கா உடுங்க" என்று தொடங்கி, மந்திரிக்குக் கோல் எடுப்போம் என்கிற வரைக்கும் போகும். கந்தோரில் இருந்த மேலதிகாரி பார்த்தார். காலையிலேயே தமிழில் சொல்லிவிட்டால் வரமாட்டார்கள் அல்லவா, நீயே சொல் என்று இவரைப் பிடித்துவிட்டார்.

முதலில் அது வேன் சாரதிமாருக்குத்தான் போனது. அவர்களிடமிருந்து பள்ளிவாசல் குழுக்களுக்குப் போய், அங்கிருந்து பெண்களுக்கு வந்தது. இவர் தங்கியிருக்கும் கந்தோர் விடுதியில் சிக்னல் இல்லை. விடுதிக்குப் பின்னால் ஒரு பெரிய கல் இருக்கிறதாம், விடிய அதில் ஏறி நின்றால் கொஞ்ச நேரத்துக்கு ஒரு கோடு வருமாம். அதற்குள் செய்தியை அனுப்பிவிட்டு இறங்கவேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள்? டீச்சர் சொல்லித்தான். ஊருக்கு அனுப்ப ஒரு கோடு இருக்கிறது, எனக்கு ஒரு கோல் எடுக்க அந்தக் கோட்டில் இடமில்லை. கேட்டேன். "அதில நிண்டு கதைக்க ஏலா. அனுப்பத்தான் ஏலும்" என்றார். அவர் வாயிலிருந்து வந்தவற்றில் அது நீளமான பதில்தான். என்னையும் அந்தக் குழுவில் அவரே தன் கையால் சேர்த்துவிட்டார். அவர் கேற்றைத் தாண்டிப் போனதும் நான் அதன் சத்தத்தை அடைத்துப் போட்டேன். ஊரோடு சேர்த்து எண்ணுவதற்கு நான் என்ன உறவுகளில் ஒருத்தியா?

ஒருநாள் லீவில் வீட்டில் நின்றவர் செய்தியை இங்கிருந்தே அனுப்பவேண்டி வந்தது. கந்தோரிலிருந்து விபரத்தை எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் தைத்துக்கொண்டிருந்தேன். கையைக் காட்டி மெஷினை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். தொண்டையைச் செருமி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தார். பிறகு அந்தக் குரல் வந்தது. இருபது வருசம் ஒரே வீட்டில் இருந்து நான் கேட்காத குரல். மெதுவாக, கனிவாக, ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துக் கொடுப்பது மாதிரி. "அன்பான உறவுகளே" என்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது, மானங்கெட்ட உடம்பு. மிச்சத்தைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை, எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். முடித்துவிட்டு அவரும் வந்தார். எனக்கும் ஏதாவது சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன். சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "மீனா?" என்றார்.

அன்றைக்கு விளங்கிற்று. சொல் இல்லாத மனுசன் இல்லை இவர். வைத்துக்கொண்டுதான் எனக்குத் தராமல் இருக்கிறார். அதன் பிறகு எப்படி அடங்கிக் கிடப்பது?

அந்த நேரத்தில்தான் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பெண்கள் பக்கத்தில் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம். ஒரே தாம்பாளத்தில் சோறு, சுற்றிவர ஆறு பேர், எனக்கு நேர் எதிரே டீச்சர். நான் இறைச்சித் துண்டைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவர் தொடங்கினார்.

"ஒங்களுக்கென்ன ராத்தா, குடுத்து வெச்சவங்க. காலையில அவர்ர கொரலக் கேட்டாத்தான் எனக்கு வேலயே ஓடுது. நேத்து மான் ஒண்டு கேற்றடியில வந்து நிண்டு தன்னயே பாத்துக்கொண்டிருந்திச்சாம், என்ன செல்லவந்திச்சோ தெரியா எண்டாரே. எங்கட வீட்டில எல்லாரும் சிரிச்சிட்டம்."

"அதுமட்டுமா" என்றார் பக்கத்தில் இருந்த இன்னொருத்தி. "முந்தாநாள் விடுதிக் கூரைக்கு மேல கொரங்கு பாய்ஞ்சி நித்திர இல்லாமப் போச்செண்டு செல்ல, எனக்குப் பாவமாப் போயிட்டு."

எனக்குத் தெரியாத மான். எனக்குத் தெரியாத குரங்கு. என் மாப்பிள்ளை நித்திரை இல்லாமல் கிடந்தது ஒரு ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஆறு பேருக்கு முன்னால் "எனக்குத் தெரியா" என்று சொல்ல நான் என்ன மடைச்சியா? "ஓம், ஓம், எனக்கும் சென்னாரு" என்று பல்லைக் காட்டினேன். டீச்சர் நல்ல துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளிவிட்டார். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தக் கிழமை அவர் வந்தபோது நான் சுற்றி வளைக்கவில்லை.

"என்ன அந்தக் காட்டுக்குக் கூட்டிப் போங்க."

"நீ என்னத்துக்குக் காட்டுக்கு?"

"ஊரெல்லாம் பாத்திட்டு. டீச்சர் ஸ்கூல் புள்ளயளோட போய்ப் பாத்திட்டு வந்திட்டா. நான்தான் பாக்கல்ல."

"பெருநாளைக்குப் பொறகு பாப்பம்" என்றார். எனக்கு அது போதும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மற்ற நாள், அடுத்த நாளே, என்று நானே மனதுக்குள் முடிவெடுத்தேன். ஆனால் பெருநாள் என்றால் காட்டு வாசலில் சனம் கூடும், இவருக்கு லீவு இல்லை. வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டார். போகட்டும். அவர் வராவிட்டால் காடு ஓடியா போய்விடும். என் கூடப்பிறந்த ராத்தா குடும்பம் எப்படியும் வேன் பிடித்து எங்கேயாவது போகிறவர்கள். காட்டுக்குப் போவோம் என்றேன், நான் வருகிறேன் என்றேன், கேற்றில் நிற்கிறது என் மாப்பிள்ளை என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டப்படிதான் போனேன். அந்தக் காட்டின் சட்டம் எனக்குத் தெரியாதது இல்லை, அவர் பையில் வந்த துண்டுப் பிரசுரத்தை வாசித்திருக்கிறேன். லஞ்ச் சீட் கூடாது, அதனால் சோற்றைப் பெரிய சஹனிலேயே எடுத்து, வாழையிலையால் மூடி, வெள்ளைத் துணியால் கட்டினேன். பொலித்தீன் பை கூடாது, அதனால் ஆளுக்கொரு துணிப்பை தைத்தேன். சவர்க்காரத்தை ராத்தாவின் பையிலிருந்து நானே எடுத்து வெளியே வைத்தேன். அடுப்பு இல்லை, பாட்டு இல்லை. கேற்றில் பைகளைச் சோதிக்கும்போது அவர் என் பையில் கைவைத்துப் பார்த்து, ஒரு பிழையும் பிடிக்க முடியாமல், ஊருக்குப் பேசுகிற அந்தக் குரலில் எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும். அதற்குத்தான் இவ்வளவும். காட்டில் எனக்கு என்ன வேலை?

விடிந்ததும் வெளிக்கிட்டோம். பெருநாள் அலுப்பில் யாரும் போனைத் திறந்திருக்கவில்லை. சம்மாந்துறை தாண்டி வயல் வெளியில் வேன் ஓடும்போது, முன்னால் இருந்த ராத்தாவின் மாப்பிள்ளை போனை எடுத்தார்.

"மச்சி, இண்டைக்கு என்ன நெலம எண்டு ஒருக்கா கேட்டுப் பாப்பமா? செய்தி வந்து கெடக்கு."

"வைங்க மச்சான்" என்றேன். "அவர் என்ட மாப்பிள்ள. அவர்ர கொரல எனக்கு நீங்க போட்டுக் காட்டத் தேவல்ல. அங்க போனா நேரிலயே கேக்கலாம்."

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். கொஞ்சத் தூரத்தில் வீடுகள் குறைந்தன, யானை வேலி வந்தது, சிக்னலும் போய்விட்டது.

காட்டு வாசலில் ஒரு வேன்கூட இல்லை. பெருநாளைக்கு மற்ற நாள், சனம் முட்டி நிற்கவேண்டிய இடம் வெறிச்சோடிக் கிடந்தது. கேற்றுக்குக் குறுக்கே சங்கிலி. சிவப்புத் துணி கட்டிய பலகை. எங்கள் வேன் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து இவர் ஓடிவந்தார், காக்கிச் சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டே. வேனுக்குள் எட்டிப் பார்த்தார். என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். எவ்வளவோ நேரம் என் முகத்தையே பார்த்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு அடி பின்னால் போய், எல்லோரையும் பார்த்துப் பேசினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். அன்பான உறவுகளே, மன்னிச்சிக்கொள்ளுங்க. இண்டைக்கு எல்லாப் பாதையும் மூடியிருக்கி. ஆத்தில மட்டும்தான் தண்ணி மிச்சம், அதால குட்டியோட யானக் கூட்டம் ஒண்டு ஆத்தங்கரைக்கு எறங்கியிருக்கி. குட்டி இரிக்கிற தாய்க்குக் கிட்ட ஆரும் போகப்படாது. ஒங்கட நல்லதுக்குத்தான் செல்றம். இன்னொரு நாளைக்கு வாங்க."

அந்தக் குரல்தான். நான் கேட்கவேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்ட அதே குரல். என்னைத் திருப்பி அனுப்பத்தான் அது என் முகத்துக்கு நேரே வந்தது.

நான் வேனை விட்டு இறங்கினேன். "நான் ஆரெண்டு தெரியுந்தானே?"

"தெரியும்."

"அப்ப சங்கிலியக் கழட்டுங்க. ஆத்துக்குப் போகல்ல. உள்ள அந்த மரத்துக்குக் கீழ இரிந்து சோத்தத் தின்னுட்டுப் போறம். சட்டப்படிதான் கொண்டுவந்திரிக்கன், பாருங்க." சஹனைக் கட்டிய துணியைக்கூடக் காட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. "ஆருக்கும் தொறக்க ஏலா" என்றார். இந்த முறை அந்தக் குரல் இல்லை, வீட்டுக் குரல். பிறகு சாரதியிடம் போய், திருப்பி எடுக்கும்போது மெதுவாக எடு, ஹோன் அடிக்காதே என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். ஒருதரம் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வேனுக்குள் ஏறியபோது ராத்தா என் கையைப் பிடித்தாள். பிடிக்காமல் இருந்திருக்கலாம். வழியில் மச்சான் ஒருதரம், "நான் அப்பவே கேப்பமெண்டன்" என்றார். ராத்தா பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். கடைசியில் ஒலுவில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடற்கரை மணலில் சஹனை வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். காற்றில் மண் பறந்து சோற்றில் விழுந்தது. எல்லோரும் நல்ல சோறு என்று சொல்லிச் சாப்பிட்டார்கள். நான் கை நனைக்கவில்லை. ஊருக்கு முன்னால் என்னையும் ஒரு வேன் சனமாக நிறுத்திவைத்தாரே, அதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வந்தது. வந்திருப்பது தன் மனுசி என்று தெரிந்த பிறகும் ஒரு வார்த்தை, "நீ போ, நான் வாறன்" என்று ஒரு வார்த்தை தனியாக வரவில்லையே.

மற்ற நாள் அவர் வீட்டுக்கு வரும் நாள். பகல் சாப்பாட்டு நேரத்துக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் வீட்டு முன்னால் ஒழுங்கைக்குள் வந்தது. நான் கேற்றை உள்ளே பூட்டிவிட்டுத் திறப்புச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நின்றேன். அவர் கேற்றைத் தள்ளினார். அசையவில்லை.

"தொற" என்றார்.

"இண்டைக்கு மூடியிருக்கி."

"என்னத்துக்கு?"

"பாதுகாப்புக் காரணம்."

ஒழுங்கையில் போன ஒருவர் நின்றார். எதிர் வீட்டில் கதவு திறந்தது. டீச்சர் தன் கேற்றடிக்கே வந்துவிட்டார், கையில் விளக்குமாற்றோடு, கூட்ட வந்த மாதிரி. வரட்டும், எல்லோரும் பார்க்கட்டும். வீடு என்னுடையது. எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் இதைச் சும்மா மிரட்டலுக்குச் சொல்வாள், செய்யமாட்டாள். நான் செய்தேன்.

"நேத்து நல்லாக் கதைச்சீங்களே" என்றேன். "அந்த மாதிரி எனக்கு ஒருக்காக் கதைங்க. ஊருக்குச் செல்ற மாதிரி. மான் வந்தது, கொரங்கு வந்தது, நித்திர வரல்ல எண்டெல்லாம் ஆருக்கோ செல்றீங்களாமே. எனக்குச் செல்லுங்க, தொறக்கன். செல்லாட்டி ஒங்கட உம்மா ஊட்ட போங்க."

அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார், நேற்று வேனுக்குள் பார்த்த அதே மாதிரி.

"நேத்துக் காலையில சென்னனே" என்றார்.

"என்னத்த?"

"யான எறங்கியிருக்கி, ஆரும் வரவேணாம் எண்டு. ஊரெல்லாம் கேட்டு நிண்டுட்டு. ஒரு வேனும் வரல்ல." கம்பியிலிருந்து கையை எடுத்தார். "ஒன்ட வேன் மட்டும்தான் வந்திச்சி."

நான் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ கேக்கிறல்லயா?"

"இல்ல."

"நேத்தா கேக்கல்ல?"

"ஒரு நாளும் கேக்கிறல்ல. மொதல் நாளே அடச்சிப் போட்டன்."

அவர் முகம் செத்துப்போயிற்று. மோட்டார் சைக்கிளைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரோட கதைச்ச?"

அதை அவர் சத்தமாகக் கேட்கவில்லை. என்னிடம் கேட்டாரா தன்னிடமே கேட்டாரா என்றும் தெரியவில்லை. பிறகு சொன்னார், கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, திக்கித் திக்கி.

"அந்தக் கல்லில ஏறினா ஒரு செய்திதான் போகும். பாத மூடியிருக்கி, தொறந்திரிக்கி எண்டது கந்தோர்ர பேச்சு. மிச்சம் ஆருக்கு? மானும் கொரங்கும் கந்தோருக்கு என்னத்துக்கு? நீ அடுப்படியில நிண்டு கேப்பாய் எண்டு நெனச்சித்தான் செல்ற. வீட்ட வந்தா, எல்லாம் செல்லியாச்சே, இனி என்ன இரிக்கி எண்டு பேசாம இரிக்கிற. நீயும் ஒண்டும் கேக்கல்ல. கேட்டதாலதான் கேக்கல்ல எண்டு நெனச்சன்."

நான் திறப்பை எடுத்தேன். முடிச்சு அவிழ மறுத்தது. பல்லால் கடித்து இழுத்தேன். பூட்டைத் திறந்து ஒரு பக்கம் தள்ளிவிட்டேன், அவர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஒழுங்கையில் நின்றவர் நடக்கத் தொடங்கினார். டீச்சர் போகவில்லை.

இதைக் கேட்ட பிறகு என் பொறாமை தீர்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் அது நெருப்பாகப் பிடித்தது. முன்பு ஊருக்குச் சொன்னது எனக்குக் கிடைக்கவில்லையே என்று எரிந்தேன். இப்போது எனக்குச் சொன்னதை ஊர் தின்றுவிட்டதே என்று எரிந்தேன். ஒரு மனுசன் கல்லில் ஏறி நின்று தன் பெண்சாதிக்குச் சொன்ன கதையை, கல்முனையில் எத்தனை குசினியில் எத்தனை பேர் ரொட்டி தட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். சிரித்திருக்கிறார்கள். பாவம் என்று உச்சுக்கொட்டியிருக்கிறார்கள். என் குரங்குக்கு!

அவரைக் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனேன். கட்டிலில் இருத்தினேன். போனில் பழைய செய்திகள் எல்லாம் கிடக்கின்றன, கேட்கலாம் என்று எடுத்தார். நான் அதை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்தேன். அது ஊர் கேட்டு மிச்சம் வைத்தது, எனக்கு வேண்டாம்.

"வாயால செல்லுங்க. மொதல் நாளில இரிந்து."

"எல்லாத்தயுமா?"

"ஓம். எல்லாத்தயும்."

தொண்டையைச் செருமினார். மதிலுக்கு அந்தப் பக்கம் விளக்குமாறு கூட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. நான் எழும்பிப் போய் யன்னல் இரண்டையும் இறுக்கிச் சாத்தி, கொக்கியைப் போட்டுவிட்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.